விளக்கு எரிந்தால் போதுமா? ஈத்தர்நெட்டின் இரண்டு சில்லுகள்

வலையமைப்புப் பாடத்தை முடித்ததும் மாணவர்கள் ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளையும் வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறார்கள். முதலாவது பருநிலை அடுக்கு, இரண்டாவது தரவு இணைப்பு அடுக்கு. "சரி, இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை கணினிக்குள் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். ஏழு அடுக்குகளும் புத்தகத்தில் வரைந்த ஏழு கட்டங்களாகவே அவர்கள் மனத்தில் தங்கிவிடுகின்றன. ஆனால் இந்த ஓர் எல்லையை மட்டும் பல மின்சுற்றுப் பலகைகளில் விரலால் தொட்டே காட்டலாம். ஈத்தர்நெட் கட்டுப்படுத்திச் சில்லுக்கும், கம்பியில் சமிக்ஞையை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்சீவர் சில்லுக்கும் இடையே ஓடும் மெல்லிய செப்புத் தடங்களே அந்த எல்லை.

நான் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் மேல்நிலை வகுப்புகளின் தொழிற்கல்விப் பிரிவுக்கு மின்னணுவியல் கற்பிக்கிறேன். சிப்காட் வளாகத்து உருக்காலைகள், ரோலிங் மில்கள், தேர்வாய்கண்டிகைத் தொழிற்சாலைகள், திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோ பட்டறைகள் என்று மாணவர்கள் படிப்பு முடித்துப் போகும் இடங்கள் பள்ளியைச் சுற்றியே இருக்கின்றன. அங்கே மின்பராமரிப்பு வேலை இப்போது மோட்டார், ஸ்டார்ட்டர், ரிலேயோடு முடிவதில்லை. பேனலுக்குள் இருக்கும் பி.எல்.சி., மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், இயக்குபவர் முன்னால் இருக்கும் தொடுதிரை ஆகியவை பல இடங்களில் ஈத்தர்நெட் வடம் வழியாகவே பேசிக்கொள்கின்றன. பழுது வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது வடம் செருகிய துளையின் ஓரத்தில் எரியும் சின்னஞ்சிறு விளக்கை. "லைட் எரியுது சார், ஆனா டேட்டா வரல" என்பது பழைய மாணவர்கள் தொலைபேசியில் என்னிடம் அடிக்கடி சொல்லும் வாக்கியம்.

அந்த விளக்கு சொல்வது இரண்டு சில்லுகளில் ஒன்றின் சாட்சியம் மட்டுமே. மற்றதையும் விசாரிக்கத் தெரிந்தவரே பழுதைக் கண்டுபிடிக்கிறார். இந்தப் பாடத்தின் நோக்கம் அதுதான்.

இரண்டு வேலை, இரண்டு சில்லு

திருவிழா மைதானத்தில் அறிவிப்புச் சீட்டு எழுதிக் கொடுப்பவர் ஒருவர். அதை ஒலிபெருக்கியில் சொல்பவர் இன்னொருவர். யாருக்கான செய்தி, என்ன செய்தி, முழுதாக இருக்கிறதா என்பது எழுதுபவரின் பொறுப்பு. சத்தம், இடைவெளி, உச்சரிப்பு ஆகியவை அறிவிப்பவரின் பொறுப்பு. ஈத்தர்நெட்டிலும் இதே பிரிவினை உண்டு.

சீட்டு எழுதும் பகுதிக்கு மேக் என்று பெயர். இதுவே கட்டுப்படுத்தி. அது ஒவ்வொரு செய்தியையும் ஒரு சட்டகமாக ஆக்குகிறது: பெறுபவரின் முகவரி 6 பைட், அனுப்புபவரின் முகவரி 6 பைட், வகை 2 பைட், தரவு 46 முதல் 1500 பைட் வரை, இறுதியில் சரிபார்ப்பு எண் 4 பைட். ஆகக் குறைந்த சட்டகம் 64 பைட், ஆகப் பெரியது 1518 பைட் என்பதை மாணவர்களே கூட்டிப் பார்க்கலாம். பெறும் பக்கத்து மேக் அந்தச் சரிபார்ப்பு எண்ணைத் தானும் ஒருமுறை கணக்கிடும். இரண்டும் ஒத்துவராவிட்டால் சட்டகத்தைத் தள்ளிவிட்டு, பிழைக் கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும்.

அறிவிப்பவரின் வேலையைச் செய்யும் டிரான்ஸ்சீவருக்கு ஃபை என்று பெயர். செய்தி யாருக்கு என்பது அதற்குத் தெரியாது. வரும் 0, 1 ஆகியவற்றை மின்னழுத்த மாற்றங்களாகக் கம்பியில் ஏற்றுவதும், கம்பியில் வருவதை மீண்டும் 0, 1 ஆக்குவதும், எதிர்முனையில் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பதுமே அதன் வேலை. வடத் துளையின் ஓரத்து இணைப்பு விளக்கு இந்தச் சில்லின் நிலையைத்தான் காட்டுகிறது.

ஏன் பிரித்தார்கள்?

ஈத்தர்நெட் 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்கால்ஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோரின் கையில் உருவானது. 1983இல் ஐ.இ.இ.இ. 802.3 என்னும் தரமாக ஏற்கப்பட்ட வடிவத்தில், தடித்த ஓரச்சு வடம் ஒன்று 500 மீட்டர் வரை கட்டிடத்துக்குள் ஓடும். டிரான்ஸ்சீவர் என்பது அந்த வடத்தின் மேலேயே கவ்விக்கொண்டிருக்கும் ஒரு தனிப் பெட்டி. அதிலிருந்து 15 முனை இணைப்பியுடன் கூடிய வேறொரு வடம், 50 மீட்டர் வரை நீண்டு, கணினிக்குள் இருக்கும் கட்டுப்படுத்திக்கு வந்து சேரும். அப்போது டிரான்ஸ்சீவர் கணினிக்கு வெளியிலேயே இருந்தது.

1990இல் முறுக்கிய இணைக் கம்பிக்கான தரம் வந்தது. கம்பி மாறியது, ஆனால் சட்டகத்தின் வடிவம் மாறவில்லை. அதனால் டிரான்ஸ்சீவரை மட்டும் மாற்றினால் போதுமானதாக இருந்தது. 1995இல் நொடிக்கு 100 மெகாபிட் வேகம் வந்தபோது, மேக்குக்கும் ஃபைக்கும் இடையே எம்.ஐ.ஐ. என்னும் பொது இடைமுகத்தை வரையறுத்தார்கள். இதனால் ஒரு நிறுவனத்தின் கட்டுப்படுத்தியோடு இன்னொரு நிறுவனத்தின் டிரான்ஸ்சீவரைச் சேர்க்க முடிந்தது.

இந்தப் பிரிவினையின் பயன் நம் வட்டாரத்திலேயே தெரியும். பள்ளிக் கணினி ஆய்வகத்துக்குச் செப்புக் கம்பி போதும். உருக்காலையில் ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்குப் போக ஒளியிழை தேவைப்படலாம். இரண்டு இடத்திலும் மேக் ஒன்றே, வேறுபடுவது ஃபை.

நான்கு கைகளும் கைதட்டலும்: வகுப்பறைச் செயல்பாடு

எம்.ஐ.ஐ. இடைமுகத்தில் தரவை அனுப்ப 4 தடங்கள், பெற 4 தடங்கள் உண்டு. ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் 4 பிட் நகரும். துடிப்பு நொடிக்கு 2.5 கோடி, அதாவது 25 மெகாஹெர்ட்ஸ். 4 × 25 = 100 மெகாபிட்.

இதை வகுப்பில் நடத்திக் காட்டலாம். நான்கு மாணவர்களை வரிசையாக நிற்க வையுங்கள். கை உயர்த்தினால் 1, தாழ்த்தினால் 0. ஐந்தாவது மாணவர் சீராகக் கைதட்டுவார், அதுதான் கடிகாரம். ஆறாவது மாணவர் பச்சைக் கொடியை உயர்த்திப் பிடித்திருக்கும்வரை மட்டுமே கைகளுக்குப் பொருள் உண்டு. இது 'அனுப்புகை இயங்குகிறது' என்னும் சமிக்ஞை. இப்போது 75 என்னும் எண்ணை அனுப்பச் சொல்லுங்கள். இரும எண்ணில் அது 01001011. எம்.ஐ.ஐ. கீழ்ப் பாதியை முதலில் அனுப்பும் என்பதால் முதல் தட்டலுக்கு 1011, இரண்டாவது தட்டலுக்கு 0100. எதிரே அமர்ந்திருப்பவர்கள் எழுதிக்கொண்டு, மீண்டும் சேர்த்து 75 என்று சொல்ல வேண்டும்.

அடுத்து இரண்டு மாணவர்களை உட்காரச் சொல்லுங்கள். மீதி இரண்டு பேர் அதே எண்ணை அனுப்ப 11, 10, 00, 01 என நான்கு தட்டல்கள் ஆகும். அதே நேரத்துக்குள் முடிக்க வேண்டுமானால் கைதட்டுபவர் இரட்டை வேகத்தில் தட்ட வேண்டும். இதுவே ஆர்.எம்.ஐ.ஐ. என்னும் சுருக்க இடைமுகம்: 2 தடம், 50 மெகாஹெர்ட்ஸ், அதே 100 மெகாபிட். எம்.ஐ.ஐ.யில் மேலாண்மைத் தடங்கள் இரண்டையும் சேர்த்து 18 சமிக்ஞைகள். ஆர்.எம்.ஐ.ஐ.யில் அவை 10 ஆகக் குறைகின்றன. சில்லின் கால்கள் குறைந்தால் சில்லு சிறிதாகும், பலகையும் எளிதாகும். அதற்கு ஈடாகத் தடங்களைக் குட்டையாகவும் கவனமாகவும் போட வேண்டும், ஏனெனில் 50 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பின் காலம் 20 நானோநொடிதான்.

ஒரு நுட்பத்தையும் சொல்லிவிட வேண்டும். எதிர்முனை பழைய கருவியாக இருந்தால் வேகம் 10 மெகாபிட்டுக்கு இறங்கும். எம்.ஐ.ஐ.யில் கடிகாரத்தைத் தருவது ஃபை. அது துடிப்பை 2.5 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்துவிட்டால் மேக்கும் அதன் பின்னே போகும். ஆர்.எம்.ஐ.ஐ.யில் கடிகாரம் 50 மெகாஹெர்ட்ஸிலேயே நிற்கும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிட் இணையும் 10 துடிப்புகளுக்கு அப்படியே நீடிக்கும். இது மேக்குக்குத் தெரியாவிட்டால் ஒரே இணையைப் பத்துமுறை படித்துக் குழம்பும். விளக்கு எரியும், செய்தி போகாது. எனவே என்ன வேகம் முடிவானது என்று மேக்கின் பக்கம் ஃபையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும்.

வருகைப் பதிவு எடுக்கும் இரண்டு தடங்கள்

அந்த வழிதான் எம்.டி.சி., எம்.டி.ஐ.ஓ. என்னும் இரண்டு தடங்கள். முதலாவது கடிகாரம். இரண்டாவதில் கேள்வியும் பதிலும் மாறி மாறிப் போகும். தரவு இந்த வழியில் போகாது. நலம் விசாரிப்பு மட்டுமே போகும்.

நாம் காலையில் வருகைப் பதிவு எடுப்பதைப் போன்றதுதான் இது. வகுப்பு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாலும், அழைக்கப்பட்ட எண்ணுக்குரியவர் மட்டும் பதில் சொல்வார். இங்கே வரிசை எண்ணுக்கு 5 பிட், கேட்கும் பதிவகத்தின் எண்ணுக்கு 5 பிட். எனவே ஒரே இணைத் தடத்தில் 32 டிரான்ஸ்சீவர்கள் வரை இருக்கலாம். ஒவ்வொன்றிலும் 32 பதிவகங்கள், ஒவ்வொரு பதிவகத்திலும் 16 பிட். 5 பிட்டுக்கு ஏன் 32 என்பதை மாணவர்களிடமே கேளுங்கள்.

பதிவகம் 0 கட்டளைக்கு. பதிவகம் 1 நிலையைச் சொல்வது. அதன் 2ஆம் பிட் 1 என்றால் இணைப்பு இருக்கிறது, 5ஆம் பிட் 1 என்றால் எதிர்முனையோடு வேகம் பேசி முடிந்தது. பதிவகம் 2, 3 இரண்டும் சில்லின் அடையாள எண். இந்தப் பொருள் எல்லா நிறுவனங்களின் சில்லுக்கும் பொது.

வகுப்பில் யாரும் மறக்காத பகுதி ஒன்று உண்டு. எம்.டி.ஐ.ஓ. தடம் ஒரு மின்தடை வழியாக மேல் மின்னழுத்தத்தோடு கட்டப்பட்டிருக்கும். நாம் அழைத்த எண்ணில் சில்லே இல்லை என்றால் தடத்தை யாரும் கீழே இழுக்கமாட்டார்கள். பதினாறு பிட்டும் 1 ஆகவே படிக்கப்படும், அதாவது 65535. எனவே 65535 என்ற பதிலுக்குப் பெரும்பாலும் 'ஆள் வரவில்லை' என்றே பொருள். சில்லுக்கு மின்சாரம் வரவில்லை, முகவரி தவறு, அல்லது அந்தத் தடம் அறுந்திருக்கிறது என்று தேடலாம்.

நிலைப் பதிவகத்தின் இணைப்புப் பிட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. இணைப்பு ஒருமுறை அறுந்து உடனே திரும்பிவிட்டாலும், யாராவது படிக்கும்வரை அது 0 என்றே காட்டும். விட்டுவிட்டு வரும் பழுதைப் பிடிக்க இது பெரிய உதவி. கண்ணுக்கு விளக்கு எரிந்தபடியே இருந்திருக்கும்.

கம்பியின் பக்கம்

ஃபையிலிருந்து வெளியே போகும் பாதையையும் சுருக்கமாகக் காட்டிவிடலாம். 100 மெகாபிட் ஈத்தர்நெட்டில் ஒவ்வொரு 4 பிட்டும் 5 பிட்டாக மாற்றப்படுவதால், கம்பியில் நொடிக்கு 12.5 கோடி குறியீடுகள் போகின்றன. நேர், பூச்சியம், எதிர் என்ற மூன்று மின்னழுத்த நிலைகளில் படிப்படியாக மாறும் முறையால் கம்பியில் ஏற்படும் அடிப்படை அதிர்வெண் 31.25 மெகாஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. அதனால்தான் சாதாரண முறுக்கிய இணைக் கம்பியிலேயே 100 மீட்டர் வரை போக முடிகிறது.

ஃபைக்கும் வடத்துக்கும் நடுவே ஒரு சிறிய மின்மாற்றி இருக்கும். இரண்டு கட்டிடங்களின் தரைமின் அழுத்தம் வேறுபட்டாலும் நேர் மின்னோட்டம் பலகைக்குள் பாயாமல் அது தடுக்கும். இந்தக் காப்பு 1500 வோல்ட் சோதனையைத் தாங்க வேண்டும் என்று தரம் சொல்கிறது. மின்னலின் தாக்கம் இதையும் மீறி வந்தால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் ஃபைதான். பின்னால் உள்ள கட்டுப்படுத்தி பிழைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. இரண்டும் தனித்தனிச் சில்லுகளாக இருந்தால் பலகையைக் காப்பாற்றலாம்.

இரண்டு சாட்சிகளையும் கேட்டால்

ரோலிங் மில் ஒன்றில் பராமரிப்பு வேலையில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருமுறை அழைத்தார். தொடுதிரை சில நேரம் உறைந்துவிடுகிறது, ஆனால் விளக்கு ஒருபோதும் அணைவதில்லை. வடத்தை மாற்றியாயிற்று, திரையை மாற்றவும் பேச்சு நடக்கிறது என்றார். "விளக்கு சொன்னது ஃபையின் சாட்சியம். மேக் என்ன சொல்கிறது என்று கேட்டாயா தம்பி?" என்று கேட்டேன். பேனலில் இருந்த சுவிட்ச் பிழைக் கணக்கைக் காட்டும் வகை. அவர் சி.ஆர்.சி. பிழை என்ற எண்ணைக் கவனித்தார். மோட்டார் நிற்கும்போது எண் அசையவில்லை. மோட்டார் ஓடத் தொடங்கியதும் ஏறத் தொடங்கியது.

சி.ஆர்.சி. என்பது நாம் முன்பு பார்த்த 4 பைட் சரிபார்ப்பு எண்தான். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்வடமும் ஈத்தர்நெட் வடமும் ஒரே கேபிள் டிரேயில் நெடுந்தூரம் ஒட்டிப் போயிருந்தன. முறுக்கிய இரண்டு கம்பிகளிலும் இரைச்சல் சமமாக ஏறினால், வேறுபாட்டை மட்டும் படிக்கும் ஃபைக்கு அது தெரியாது. அளவுக்கு மீறினால் சமநிலை குலைந்து சில பிட்டுகள் மாறிவிடும். இணைப்பு அறுந்துவிட்டது என்று சொல்லும் அளவுக்கு ஃபைக்கு அது பெரிதல்ல. ஒரு பிட் மாறினாலும் மேக் சட்டகத்தைத் தள்ளிவிடும். ஃபை 'எல்லாம் நலம்' என்றதும் உண்மை, மேக் 'சட்டகம் கெட்டு வருகிறது' என்றதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வடம் போகும் பாதையில் பழுது இருப்பது தெரிகிறது. ஈத்தர்நெட் வடத்தை வேறு பாதையில் கொண்டுபோனார்கள். எண் ஏறுவது நின்றது, புதுத் திரை வாங்கும் செலவும் மிஞ்சியது. பாதையை மாற்ற முடியாத இடங்களில் ஒளியிழை உதவும். மின் இரைச்சல் அதை அண்டாது.

பள்ளியில் செய்து பார்க்க

பழுதடைந்த கணினித் தாய்ப்பலகை ஒன்று போதும். வலையமைப்பு வடம் செருகும் ஆர்ஜே-45 துளையிலிருந்து தொடங்கி உள்நோக்கிப் போகச் சொல்லுங்கள். கருப்புப் பெட்டி போன்ற மின்மாற்றி தனியாக இருக்கும், அல்லது துளையின் கூட்டுக்குள்ளேயே இருக்கும். அடுத்து ஒரு சில்லு. அதன் அருகே 25.000 என்று அச்சிட்ட உலோகப் படிகம். சில்லின் மேல் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு தரவுத்தாளைத் தேடச் சொல்லலாம். ரியல்டெக் 8201 என்றால் அது ஃபை மட்டுமே, மேக் வேறு சில்லுக்குள் இருக்கும். ரியல்டெக் 8111 என்றால் இரண்டும் ஒரே சில்லுக்குள் இருக்கும். அப்போதும் வேலைப் பிரிவினை உள்ளே அப்படியேதான் இருக்கும், எல்லை மட்டும் கண்ணுக்கு மறைந்துவிடும்.

இயக்கிப் பார்க்க விரும்பினால் ஈஎஸ்பி32 பலகையும், லேன்8720 டிரான்ஸ்சீவர் பலகையும் ஏற்றவை. ஈஎஸ்பி32க்குள் மேக் இருக்கிறது, ஃபை இல்லை. லேன்8720 வெறும் ஃபை. இரண்டையும் ஆர்.எம்.ஐ.ஐ. தடங்களால் நாமே இணைக்கிறோம். ஆர்டுயினோ மென்பொருளில் இதற்கான எடுத்துக்காட்டு நிரல் இருக்கிறது. இணைப்புக் கம்பிகள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. மின்னழுத்தம் 3.3 வோல்ட். 50 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் வரும் பூச்சிய எண் முனைதான் ஈஎஸ்பி32 எந்த முறையில் துவங்க வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறது. பலகை துவங்க மறுத்தால் முதலில் அந்த முனையைப் பாருங்கள். இயங்கிய பிறகு நிரலில் ஃபை முகவரியை வேண்டுமென்றே 5 என்று மாற்றச் சொல்லுங்கள். 'ஆள் வரவில்லை' என்பதை மாணவர்கள் நேரில் பார்ப்பார்கள்.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்

1. கிகாபிட் வேகத்துக்கான ஆர்.ஜி.எம்.ஐ.ஐ. இடைமுகத்தில் ஒரு திசைக்கு 4 தரவுத் தடங்கள், 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம். துடிப்பு ஏறும்போதும் இறங்கும்போதும் தரவு நகர்கிறது. வேகம் என்ன? (4 × 2 × 125 = 1000 மெகாபிட்.)

2. விளக்கு எரியவில்லை. சி.ஆர்.சி. பிழைக் கணக்கைப் பார்ப்பதில் பயன் உண்டா? (இணைப்பே இல்லாதபோது சட்டகம் வராது. முதலில் வடம், துளை, எதிர்முனையின் மின்சாரம்.)

3. விளக்கு எரிகிறது, பிழைக் கணக்கும் ஏறவில்லை, சட்டகங்கள் வந்தபடி இருக்கின்றன. ஆனால் பி.எல்.சி.யோடு தொடர்பு இல்லை. அடுத்து எங்கே தேடுவீர்கள்? (இரண்டு சாட்சிகளும் நலம் என்கின்றன. எனவே பழுது மூன்றாம் அடுக்கிலோ அதற்கு மேலோ இருக்கும், ஐ.பி. முகவரியில் தொடங்கலாம்.)

மூன்றாவது வினாவுக்குக் காரணத்தோடு விடை சொல்லும் மாணவருக்கு ஏழு அடுக்குகள் இனி மனப்பாடப் பட்டியல் அல்ல. பழுதைத் தேடும்போது எந்தப் படியில் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியும்.